ஒரு டிகிரி தீர்க்கரேகை என்றால் எத்தனை கிலோமீட்டர்?

புள்ளிக்கோடு:
வணக்கம். இரண்டு இடங்களின் அட்ச, தீர்க்க அளவுகளைக் கொடுத்தால் தூரம் சொல்லும் ஒரு சின்ன நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன். வடக்கு தெற்காக ஒரு டிகிரி போனால் ஏறத்தாழ 111 கிலோமீட்டர், இது எங்கே எடுத்தாலும் சரியாக வருகிறது. கிழக்கு மேற்காகப் போனால்தான் எண் மாறிக்கொண்டே இருக்கிறது. பூமத்திய ரேகையில் 111, வடக்கே 60 டிகிரியில் 56-க்கும் கீழே. உருண்டை மேலே போகப் போகக் குறுகுகிறது, அது புரிகிறது. புரியாதது இரண்டு. சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் இந்தக் கோடுகள் கம்பி கட்டிய மாதிரி இணையாகத்தானே நிற்கின்றன, அது எப்படி? அடுத்தது, அட்சரேகைக்குப் பூமத்திய ரேகை என்று இயற்கையாகவே ஒரு தொடக்கம் இருக்கிறது. தீர்க்கரேகைக்கு அப்படி எதுவும் கிடையாது. அப்படியென்றால் நடுக்கடலில் போகிறவர்கள் எந்தக் கோட்டில் இருக்கிறோம் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஜிபிஎஸ்ஸுக்கு முந்தைய காலத்தைக் கேட்கிறேன்.

கோணமானி:
முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன், இரண்டாவதற்குக் கடல் பார்த்தவர்கள் வரட்டும்.

தீர்க்கரேகை ஒவ்வொன்றும் துருவத்திலிருந்து துருவம் வரை போகும் அரைவட்டம். எல்லாம் ஒரே நீளம், சுமார் 20,000 கிலோமீட்டர். அட்சரேகைகளோ மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே வரும் வளையங்கள். எந்த வளையத்தை எடுத்தாலும் 360 துண்டாகத்தான் வெட்டுகிறோம் என்பதால் துண்டும் கூடவே சிறுக்கிறது, அந்த இடத்து அட்சரேகையின் கோசைன் அளவுக்கு. பூமத்திய ரேகையில் 111.3 கிமீ, 30 டிகிரியில் 96.5, 45-ல் 78.8, 60-ல் 55.8, 80-ல் 19.4. முதல் 30 டிகிரியில் குறைவது 15 கிலோமீட்டர் அளவுதான், அடுத்த 30-ல் 40-க்கு மேல் போய்விடுகிறது பாருங்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் 111 என்று போட்டே ஒப்பேற்றிவிடலாம், வடக்கே போனதும் அதே கணக்கு காலை வாரிவிடும்.

கோடுகள் இப்படி இணையாக நிற்கும் சுவர் வரைபடம் பெரும்பாலும் மெர்கேட்டர் என்பவர் 1569-ல் கொண்டுவந்த ப்ரொஜெக்ஷன், அதாவது உருண்டையைத் தட்டையாக்கும் முறை. துருவத்தில் சேரவேண்டிய கோடுகளை அவர் வலுக்கட்டாயமாக இணையாக நிறுத்தினார். அப்படி நிறுத்தினால் 60 டிகிரியில் கிழக்கு மேற்கு இரண்டு மடங்கு இழுபடும். கோணம் கெடக்கூடாது என்பதற்காக வடக்கு தெற்கையும் அதே இடத்தில் அதே இரண்டு மடங்கு இழுத்துவிட்டார். வடக்கே உள்ள நாடுகள் ஊதிப்போய்த் தெரிவதற்கு இதுதான் காரணம். துருவத்தில் இழுப்பு முடிவிலிக்குப் போய்விடும் என்பதால் துருவத்தை அந்தப் படத்தில் போடவே முடியாது, இணைய வரைபடங்கள் 85 டிகிரிக்குச் சற்று மேலே கத்தரித்துவிடுகின்றன.

பரப்பளவைப் பலிகொடுத்து அவர் வாங்கியது பெரிய விஷயம். திசைகாட்டியில் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு போகும் பாதை அந்தப் படத்தில் நேர்கோடாக விழும். ஸ்கேலை வைத்துக் கோடு போட்டு, அது தீர்க்கரேகையை வெட்டும் கோணத்தைப் படித்துச் சுக்கானியிடம் சொன்னால் போதும். அந்தப் பாதை தூரத்தில் குறைந்தது இல்லை, அதற்குப் பெருவட்டம், அதாவது பூமியை மையம் வழியாகச் சரிபாதியாக வெட்டும் வட்டம், வேண்டும். ஆனால் நேர் வடக்காகவோ தெற்காகவோ ஒரு தீர்க்கரேகை மேலேயே போனால் இரண்டும் ஒன்றுதான், ஏனென்றால் தீர்க்கரேகையே பெருவட்டத்தின் பாதி.

இரண்டாம்_மேட்:
கோணமானி சொன்னதோடு ஒரு வார்த்தை. மெர்கேட்டர் சார்ட்டில் தூரம் அளக்கும்போது டிவைடரை விரித்துக்கொண்டு போய் வைப்பது பக்கவாட்டு அட்சரேகை அளவுகோலில்தான், அதுவும் கப்பல் இருக்கும் அதே அட்சரேகைக்கு நேராக. மேலேயும் கீழேயும் இருக்கும் தீர்க்கரேகை அளவுகோலில் வைத்து யாராவது அளந்தால் பயிற்சிக் காலத்திலேயே கையைத் தட்டிவிடுவார்கள். அட்சரேகையில் ஒரு கோண நிமிடம் ஒரு கடல் மைல், 1852 மீட்டர். தீர்க்கரேகை நிமிடத்துக்கு அந்த உத்தரவாதம் பூமத்திய ரேகையில் மட்டும்தான்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், நண்பரே. சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரியாக இருந்தவன் நான், வழி பார்ப்பது எங்கள் பொறுப்பு. பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது. மணிக்கு 15 டிகிரி, நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி. அதனால் உங்களுக்கும் இன்னோர் இடத்துக்கும் உள்ள தீர்க்கரேகை வித்தியாசம் இரண்டு ஊர்ச் சூரிய நேரங்களுக்கும் உள்ள வித்தியாசமேதான். உங்கள் தலைக்கு மேல் உச்சி வேளை வரும்போது அந்த இன்னோர் இடத்தில் மணி என்ன என்று தெரிந்தால் தீர்க்கரேகை கையில் வந்துவிடும். அட்சரேகையை வானமே சொல்லிவிடும், துருவ நட்சத்திரத்தின் உயரமோ நண்பகல் சூரியனின் உயரமோ போதும். தீர்க்கரேகைக்கு வானத்தோடு கூட ஒரு கடிகாரமும் வேண்டும், பிரச்சினை முழுக்க இங்கேதான் இருந்தது.

கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன். நவம்பர் முதல் வாரம். கப்பலில் சூரியன் உச்சிக்கு வந்தபோது பூஜ்ஜியத் தீர்க்கரேகையான கிரீன்விச்சின் நேரம் காட்டும் குரோனோமீட்டர் என்ற துல்லியக் கடிகாரத்தில் 7 மணி 3 நிமிடம் 40 வினாடி. 12 மணியிலிருந்து கழித்தால் 4 மணி 56 நிமிடம் 20 வினாடி, அதாவது கிழக்கே 74 டிகிரி சொச்சம். இது தப்பு. சூரியன் கடிகாரம் மாதிரி சீராக ஓடுவதில்லை, நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடத்துக்கு மேல் முந்திக்கொண்டு வரும். அன்றைக்கு 16 நிமிடம் 20 வினாடி என்று வைத்துக்கொண்டால், கிரீன்விச்சில் சூரிய உச்சியே 11:43:40-க்குத்தான். அதிலிருந்து கழித்தால் சரியாக 4 மணி 40 நிமிடம், கிழக்கே 70 டிகிரி. அந்தத் திருத்தத்தை விட்டிருந்தால் பூமத்திய ரேகை அருகே சுமார் 450 கிலோமீட்டர் தள்ளி நிற்பதாக நினைத்திருப்போம்.

புள்ளிக்கோடு:
அருமை. ஒரு சந்தேகம், உச்சி வேளை எந்த வினாடியில் வந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா?

இரண்டாம்_மேட்:
நல்ல கேள்வி. முடியாது, செக்ஸ்டன்ட் என்ற கோணம் அளக்கும் கருவியைப் பிடித்தவர்களுக்கு இது உடனே தெரியும். கருப்புக் கண்ணாடி வழியாகச் சூரியனின் கீழ் விளிம்பைத் தொடுவானத்தில் உட்காரவைத்து, அதன் மைக்ரோமீட்டர் திருகைத் திருப்பித் திருப்பி ஏற்றிக்கொண்டே போவோம். உச்சி நெருங்க நெருங்கத் திருப்பவேண்டிய அளவு குறையும், அப்புறம் சூரியன் அப்படியே நின்றுவிடும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்று தொங்கும். அட்சரேகைக்கு அது வரப்பிரசாதம், நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். தீர்க்கரேகைக்கோ அந்த ஒரு நிமிடத் தடுமாற்றம் கால் டிகிரி, அதாவது பூமத்திய ரேகையில் 15 கடல் மைல்.

அதனால் தீர்க்கரேகைக்குச் சூரியன் கிழக்கிலோ மேற்கிலோ இருக்கும்போது பார்ப்போம். அப்போது உயரம் வேகமாக மாறும், எந்த வினாடி என்பது துல்லியமாகக் கிடைக்கும். பார்ப்பவர் குரல் கொடுத்ததும் குரோனோமீட்டர் முன்னால் இருப்பவர் முதலில் வினாடி, அடுத்து நிமிடம், கடைசியில் மணி என்ற வரிசையில் எழுதுவார். மணியை முதலில் எழுதத் தொடங்கினால் எழுதி முடிப்பதற்குள் வினாடி ஓடியிருக்கும், நான்கு வினாடி போனால் ஒரு கடல் மைல் போச்சு. அந்தக் குரோனோமீட்டரை நாங்கள் சரிசெய்து வைப்பதும் கிடையாது. தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுத்து, வானொலி நேர சைகையோடு ஒப்பிட்டு, இன்று இத்தனை வினாடி பிந்தல் என்று நோட்டில் ஏற்றுவதோடு சரி. பிந்துவது தப்பில்லை, தினமும் ஒரே அளவாகப் பிந்தவேண்டும், அவ்வளவுதான்.

வான்நோக்கி:
கடிகாரம் செய்து கடலை ஜெயித்த கதையை எல்லோரும் சொல்கிறார்கள், வானத்திலேயே கடிகாரம் தேடியவர்களையும் சொல்லவேண்டும். வியாழனின் நிலாக்கள் கிரகத்தின் நிழலுக்குள் போவதும் வெளியே வருவதும் எந்த ஊரிலிருந்து பார்த்தாலும் ஒரே நொடியில் நடக்கும் நிகழ்ச்சி. அதன் அட்டவணை கையில் இருந்தால் அதுவே உலகத்துக்கு ஒரே கடிகாரம். யோசனை கலிலியோவுடையது, நம்பத்தக்க அட்டவணை போட்டவர் வானியலாளர் காசினி, 1668-ல். தரையில் இது பிரமாதமாக வேலை செய்தது, அப்படி அளந்ததில் பிரான்சின் மேற்குக் கரை பழைய படங்களில் இருந்ததைவிடக் கிழக்கே நகர்ந்து நாடே சிறுத்துவிட்டது. ஆடுகிற கப்பலில் தொலைநோக்கியை அப்படி நிலையாகப் பிடிக்க முடியவில்லை, அங்கே தோற்றது.

அடுத்தது சந்திரன். நட்சத்திரங்களின் நடுவே அது மணிக்கு ஏறத்தாழ அரை டிகிரி நகர்கிறது. ஒரு நட்சத்திரத்திலிருந்து சந்திரன் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று செக்ஸ்டன்டால் அளந்தால் கிரீன்விச் நேரம் கிடைத்துவிடும். சந்திரன் மெதுவாக நகர்வதுதான் இதில் உள்ள வேதனை. ஒரு கோண நிமிடம் தப்பாக அளந்தால் நேரத்தில் இரண்டு நிமிடம் தப்பும், தீர்க்கரேகையில் அரை டிகிரி தப்பும். பார்வைப் பிழை முப்பது மடங்காகப் பெருகுகிறது. அப்படியும் அதை நம்பிக் கடல் கடந்தார்கள், வேறு வழி இல்லாத காலம் அது.

நேர்க்கோடு:
இந்தச் சந்திர முறைக்காரர்கள்தான் கடல் கடிகாரம் செய்த ஹாரிசனை வாழவிடாமல் பண்ணியவர்கள். 1707-ல் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் இங்கிலாந்துக்குத் தென்மேற்கே உள்ள சில்லி தீவுப் பாறைகளில் நான்கு போர்க்கப்பல்கள் மோதி ஆயிரத்துக்கு மேல் மாலுமிகள் செத்தார்கள். 1714-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, கடலில் தீர்க்கரேகையை அரை டிகிரிக்குள் சொன்னால் 20,000 பவுண்டு என்றது. தச்சு வேலையிலிருந்து வந்த ஜான் ஹாரிசன் செய்த நான்காவது கடிகாரம் 1761-ல் ஜமைக்காவுக்குப் போனது, நாள் கணக்கில் எதிர்பார்த்த பிந்தலைக் கழித்துப் பார்த்தால் 81 நாளில் 5 வினாடிதான் தப்பு. அதற்கும் பரிசு முழுசாகத் தரவில்லை. பரிசைத் தீர்மானிக்கும் வாரியத்தில் உட்கார்ந்திருந்த வானியல்காரர் மாஸ்கலின் சந்திர முறையின் ஆள். இதை எப்படிச் சும்மா விடுவது?

வான்நோக்கி:
தோழர், ஹாரிசனுக்கு நடந்தது நியாயம் என்று நான் சொல்லவில்லை. அரை டிகிரி என்றால் இரண்டு நிமிடம், ஆறு வாரப் பயணத்தில் நாளொன்றுக்கு மூன்று வினாடிக்கும் குறைவான பிழை. வெப்பம் ஏறி இறங்கும், உப்புக்காற்று அடிக்கும், தளம் ஓயாமல் ஆடும், அதற்கு நடுவில் அதைச் சாதித்த கை அபாரமான கை. கடைசியில் 1773-ல் நாடாளுமன்றமே தலையிட்டுத்தான் 8,750 பவுண்டு தந்தது.

ஆனால் மாஸ்கலினை வில்லனாக்கினால் கதை பாதிதான் கிடைக்கும். ஒரே ஒரு கடிகாரம் நன்றாக ஓடியது என்பதால் எல்லாக் கப்பலுக்கும் வழி பிறந்துவிடாது, அதே மாதிரி இன்னொன்றைச் செய்ய முடியுமா என்பதுதான் வாரியத்தின் கேள்வி. கடிகாரக்காரர் கெண்டால் செய்த நகலைக் கேப்டன் ஜேம்ஸ் குக் தன் இரண்டாம் பயணத்தில் கொண்டுபோய் வந்த பிறகே அதற்குப் பதில் கிடைத்தது. அதுவரைக்கும், அதற்கு அப்புறம் பல பத்தாண்டுகளுக்கும், கடிகாரம் வாங்க வசதியில்லாத கப்பல்களைக் கரைசேர்த்தது மாஸ்கலின் 1767 முதல் கொண்டுவந்த நாட்டிக்கல் அல்மனாக் என்ற வானியல் அட்டவணைப் புத்தகம்தான். சந்திர தூர அட்டவணைகள் அதில் 1906 வரை அச்சாகி வந்தன. கடிகாரம் வைத்திருந்தவர்களும் அது பிசகிவிட்டதா என்று சரிபார்க்கச் சந்திரனைத்தான் பார்த்தார்கள். பீகிள் கப்பலில் 22 குரோனோமீட்டர்கள் கொண்டுபோனார்கள், ஒரு கடிகாரத்தை நம்ப முடியாது என்பதால்தானே?

நேர்க்கோடு:
சரி, அல்மனாக் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடிப்படைக் கேள்வி இன்னும் நிற்கிறது. எல்லாம் கிரீன்விச்சிலிருந்து என்று ஆனது அதிகாரத்தால்தானே? பண்டைய அறிஞர் டாலமி பூஜ்ஜியக் கோட்டைக் கேனரித் தீவுகள் பக்கம் வைத்தார், இந்திய வானியல் நூல்கள் உஜ்ஜயினி வழியாகப் போகும் கோட்டை வைத்தன, பிரான்ஸ் பாரீஸை வைத்தது. அப்படியென்றால் தீர்க்கரேகை முழுக்க மனிதன் கற்பித்ததுதான், இயற்கையில் அப்படி ஒன்று இல்லை என்றுதானே அர்த்தம்?

கோணமானி:
பூஜ்ஜியம் எங்கே என்பது ஒப்பந்தம், அதில் தகராறு இல்லை. 1884-ல் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடின, 22 கிரீன்விச்சுக்கு ஓட்டுப் போட்டன, சான் டொமிங்கோ (இன்றைய டொமினிக்கன் குடியரசு) எதிர்த்தது, பிரான்சும் பிரேசிலும் ஓட்டுப் போடவில்லை. உலகக் கப்பல் சரக்கில் எழுபது சதவீதத்துக்கு மேல் அப்போதே கிரீன்விச் வரைபடங்களை வைத்து ஓடிக்கொண்டிருந்தது, காரணம் மேலே வான்நோக்கி சொன்ன அதே அல்மனாக். அதிகாரம் இருந்தது என்பது உண்மை, வேலைக்கு உதவும் அட்டவணை இருந்தது என்பதும் உண்மை. பிரான்ஸ் 1911-ல்தான் இறங்கிவந்தது, அதுவும் சட்டத்தில் கிரீன்விச் பெயரை எழுதாமல் "பாரீஸ் சராசரி நேரத்திலிருந்து 9 நிமிடம் 21 வினாடி குறைத்தது" என்று எழுதிக்கொண்டது.

ஆனால் அந்த 9 நிமிடம் 21 வினாடியைப் பாருங்கள். அதை எந்த மாநாடும் ஓட்டுப் போட்டு மாற்ற முடியாது. பூஜ்ஜியத்தைப் பாரீஸில் வையுங்கள், உஜ்ஜயினியில் வையுங்கள், பாரீஸுக்கும் கிரீன்விச்சுக்கும் நடுவே பூமி சுழல எடுக்கும் நேரம் அதேதான். தீர்க்கரேகை என்று நாம் உண்மையில் அளப்பது அந்த வித்தியாசத்தைத்தான், அது யாரும் கற்பித்தது இல்லை.

நிலஅளவை_மாணவி:
இதில் ஒரு சுவையான விஷயம் விட்டுப்போகிறது. கிரீன்விச்சில் தரையில் பதித்திருக்கும் கோட்டின் மேல் நின்று இப்போது போனைப் பார்த்தால் 0 காட்டாது. ஜிபிஎஸ்ஸின் பூஜ்ஜியம் அங்கிருந்து கிழக்கே சுமார் 102 மீட்டர் தள்ளி இருக்கிறது. கோட்டை யாரும் நகர்த்தவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஏய்ரி என்ற வானியலாளர் அமைத்த தொலைநோக்கி செங்குத்தை அந்த இடத்து ஈர்ப்புவிசையை வைத்து எடுத்துக்கொண்டது, பாதரசத் தட்டின் மட்டம்தான் ஆதாரம். பூமியின் உள்ளே நிறை எங்கும் சமமாக இல்லை என்பதால் அந்தச் செங்குத்து பூமியின் மையத்தைச் சரியாகப் பார்ப்பதில்லை. செயற்கைக்கோள் கணக்கு மையத்திலிருந்து போடப்படுவது. அந்த மிகச் சிறிய சாய்வு தரைக்கு வரும்போது 102 மீட்டர் ஆகிவிடுகிறது.

அதனால் ஓர் எண்ணைப் பார்த்தால் அது எந்த டேட்டத்தில், அதாவது எந்த அடிப்படை அளவுச் சட்டகத்தில், சொன்னது என்று கேட்டே ஆகவேண்டும். பழைய சார்ட்டின் எண்ணையும் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 டேட்டத்தின் எண்ணையும் கலந்தால் பாறைக்கு நடுவே கப்பலை விட்ட மாதிரிதான். கண்டங்களும் நகர்கின்றன, ஆஸ்திரேலியா ஆண்டுக்கு 7 சென்டிமீட்டர் போகிறது, அதனால் அவர்கள் தங்கள் டேட்டத்தை 1994-லிருந்து 2020-க்கு மாற்றியபோது எல்லா இடத்தின் அட்ச, தீர்க்க அளவும் 1.8 மீட்டர் அளவுக்கு மாறியது.

விரைவுவழி:
படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் இன்றைக்கு இதெல்லாம் எதற்கு? போனை எடுத்தால் ஆறு தசம இடத்துக்குத் தீர்க்கரேகை வருகிறது. கடிகாரக் கதை முடிந்துபோன கதை.

இரண்டாம்_மேட்:
முடியவே இல்லை தம்பி. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் அணுக் கடிகாரத்தைச் சுமந்துகொண்டு "இந்த நொடியில் இங்கே இருந்தேன்" என்று சொல்லிக்கொண்டே போகிறது. உங்கள் போன் அந்தச் செய்தி வந்துசேர எடுத்த நேரத்தைக் கழித்துப் பார்க்கிறது. மைக்ரோ வினாடி பிசகினால் 300 மீட்டர் பிசகும். சார்பியல் விளைவால் அந்தக் கடிகாரங்கள் தரையில் இருப்பதைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ வினாடி வேகமாக ஓடும், அதையும் திருத்தித்தான் அனுப்புகிறார்கள். குரோனோமீட்டர் நோட்டில் தினமும் பிந்தல் எழுதினோமே, அந்த வேலைதான் இப்போது மேலே நடக்கிறது. ஆறாவது தசம இடம் பூமத்திய ரேகையில் 11 சென்டிமீட்டர், உங்கள் போனுக்கு அவ்வளவு தெரியவே தெரியாது, ஐந்தாவது இடத்திலேயே அது தடுமாறும். சைகையை மறைத்தாலோ போலியாக அனுப்பினாலோ அது காட்டும் எண் கூசாமல் பொய் சொல்லும். கப்பல் அதிகாரிகளின் படிப்பில் செக்ஸ்டன்ட் இன்னும் இருப்பது அதற்காகத்தான்.

நிரல்காரி:
புள்ளிக்கோடு, உங்கள் நிரலுக்கு வருவோம். 180 டிகிரிக் கோட்டில் கவனம் வையுங்கள். கிழக்கு 179, மேற்கு 179, நடுவில் இருப்பது இரண்டே டிகிரி. எண்ணாகப் பார்த்தால் 179-க்கும் -179-க்கும் வித்தியாசம் 358, சராசரி 0. பசிபிக் நடுவே இருக்கவேண்டிய புள்ளி உலகத்தின் மறுபக்கத்தில் போய் விழும். வித்தியாசத்தோடு 540-ஐக் கூட்டி, 360-ஆல் வகுத்த மீதியை எடுத்து, அதிலிருந்து 180 கழியுங்கள். மீதி எப்போதும் நேர்மறையாக வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், சில மொழிகளில் வராது. 2007-ல் எஃப்-22 போர் விமானங்கள் ஹவாயிலிருந்து ஜப்பானுக்குப் போகும் வழியில் இந்தக் கோட்டருகே வழிகாட்டும் கணினிகள் செயலிழந்து, எரிபொருள் விமானங்களின் பின்னாலேயே திரும்பி வந்தன. அடுத்தது, ஜியோஜேசன் என்ற இடத் தரவுக் கோப்பு வடிவத்தில் தீர்க்கரேகை முதலில் வரும், அட்சரேகை பின்னால். மனிதர்கள் சொல்வதோ தலைகீழாக. இதைக் கலந்துவிட்டால் எந்த எச்சரிக்கையும் வராது, புள்ளி மட்டும் தப்பான கண்டத்தில் இருக்கும்.

நேர்க்கோடு:
180 டிகிரிக் கோடும் சர்வதேசத் தேதிக்கோடும் ஒன்றுதானே?

நிரல்காரி:
இல்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள். 180 கணிதம், தேதிக்கோடு அந்தந்த நாட்டு முடிவு. கிரிபாட்டி 1995-ல் தன் கிழக்குத் தீவுகளையெல்லாம் சேர்த்து அதை வளைத்துக்கொண்டது, சமோவா 2011 டிசம்பர் 30-ஐ நாட்காட்டியிலிருந்தே தூக்கியது. நேரம் வேண்டுமென்றால் நேர மண்டலத் தரவுத்தளத்தைக் கேளுங்கள், தீர்க்கரேகையை 15-ஆல் வகுத்து நேரம் சொல்லாதீர்கள்.

புள்ளிக்கோடு:
நன்றி எல்லோருக்கும். ஒரே ஒரு கடைசிக் கேள்வி. துருவத்தில் என்ன ஆகும்? 90 டிகிரி அட்சரேகை கொடுத்தால் தீர்க்கரேகைக்கு நிரல் என்ன சொல்லவேண்டும்?

நிலஅளவை_மாணவி:
எதுவும் சொல்ல முடியாது. எல்லாக் கோடும் அங்கே ஒரே புள்ளியில் சேர்வதால் எந்த எண்ணைக் கொடுத்தாலும் சரிதான். மையத்திலிருந்து எடுத்த எக்ஸ், ஒய் இரண்டும் அங்கே பூஜ்ஜியம், தீர்க்கரேகை என்பது அவற்றின் கோணம், பூஜ்ஜியத்துக்கு ஏது கோணம்? பெரும்பாலான மொழிகள் அந்த இடத்தில் பேசாமல் 0 என்று திருப்பிக் கொடுத்துவிடும், அதை உண்மையான அளவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தென்துருவ நிலையத்துக்காரர்கள் கோட்டைப் பார்த்து நேரம் வைக்க முடியாது என்பதால் நியூசிலாந்து நேரத்தை வைத்துக்கொள்கிறார்கள். துருவம் பக்கம் பறக்கிற விமானங்கள் தீர்க்கரேகையை வடக்காக எடுத்துக்கொள்ளாமல் தனிக் கட்டம் ஒன்றைப் போட்டு அதை வைத்துத் திசை பிடிக்கின்றன. யுடிஎம் என்ற நில அளவைக் கட்ட முறை கூட வடக்கே 84, தெற்கே 80 டிகிரியோடு நின்றுவிடுகிறது, அதற்கு மேல் வேறு ப்ரொஜெக்ஷன். உங்கள் நிரலிலும் 89.9-க்கு மேல் வந்தால் கோசைன் கணக்கை விட்டுவிட்டு எக்ஸ், ஒய், இசட் ஆக மாற்றித் தூரம் எடுங்கள், அங்கே அதுதான் உடையாமல் நிற்கும்.